தங்கவேலொவ்னா

கயத்தாறு தாண்டி, காற்றாலைகள் ஒன்றையொன்று வேடிக்கை பார்த்துக்கொண்டு சுற்றுகிற பொட்டல்காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதில் பிரெஞ்சு படிக்கிறவர்களுக்கு ஏசி போட்ட அறை, ஜெர்மன் படிக்கிறவர்களுக்கு கம்ப்யூட்டர் வைத்த அறை, ரஷ்ய மொழி படிக்கிறவர்களுக்குக் கேண்டீனுக்குப் பின்னால், சாம்பார் வாசம் நேராக வந்து மூக்கில் ஏறுகிற ஓட்டுக்கட்டடம் என்று என்றைக்கோ பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. வேறு எதிலும் இடம் கிடைக்காத பிள்ளைகள்தான் ரஷ்ய மொழிக்கு வரும். வந்து, கண்ணாடியில் பார்த்த இங்கிலீஷ் மாதிரி இருக்கிற அந்த எழுத்துகளைப் பார்த்து மலைத்து, ஒரு மாதத்துக்குள் பாதிப்பேர் பி.காமுக்கு ஓடிப்போகும். இந்தக் கதை நடந்த வருஷம் மட்டும் ஒருத்தரும் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதைத்தான் சொல்லப்போகிறேன், அவசரப்படாமல் கேளுங்கள்.

அந்தத் துறைக்குத் தலைவி எஸ்தர். சின்ன வயதில் ரஷ்யாவில் வொரோனெஷ் என்கிற ஊரில் படித்துவிட்டு, ஒரு மயிர்த்தொப்பியையும் டீயில் ஜாம் போட்டுக் குடிக்கிற பழக்கத்தையும், மரியாதை விஷயத்தில் மட்டும் எள்ளளவும் இறங்கிவராத ஒரு பிடிவாதத்தையும் கொண்டுவந்தவர். ‘மேடம்’ என்று கூப்பிட்டால் திரும்பியே பார்க்கமாட்டார். “எஸ்தர் சாமுவேலொவ்னான்னு கூப்பிடுங்க. அங்க ஒருத்தருக்கு மரியாதை கொடுக்கணும்னா பேரோட அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லணும். நாம என்ன பண்ணுதோம்? அப்பாவை ஒத்தை எழுத்தாச் சுருக்கி, ஒரு புள்ளியும் வச்சு, பேருக்கு முன்னால மடக்கிப் போட்டுருதோம். இனிமே என் கிளாஸ்ல அது நடக்காது. பையன்னா ஒவிச், பொண்ணுன்னா ஒவ்னா. வாய் நிறையச் சொல்லணும்” என்று அவர் ஆரம்பித்து வைத்தது ஒரு ஆடி அமாவாசை அன்றைக்கு.

முதலில் எழுப்பப்பட்டவன் பால்துரை. “பால்துரை சுடலைமுத்தொவிச்!” என்று எஸ்தர் கூப்பிட, அவன் எழுந்து நாக்கைச் சுழற்றி ரஷ்ய மொழியில் வணக்கம் சொல்ல, அவன் பக்கத்தில் அவனுடைய அப்பா சுடலைமுத்து, தோளில் டிக்கெட் பையும் வாயில் விசிலுமாக நின்றார். அவர் பஸ் கண்டக்டர். அந்த நேரத்தில் சாத்தூர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் இருந்திருக்கவேண்டியவர். கைப்பழக்கத்தில் பீப் என்று ஒரு விசிலும் கொடுத்துவிட்டார். எஸ்தர் முகத்தைச் சுளித்து, “வீட்டுக்குள்ள விசில் அடிக்கக்கூடாது. ரஷ்யாவுல அது ஆகவே ஆகாது” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். பால்துரைக்குத் தெரிந்த ரஷ்யச் சொற்கள் தீர்ந்து, அவன் “வேற தெரியல மேடம்” என்று தமிழில் சொன்ன நொடியில் சுடலைமுத்து போய்விட்டார். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் நீட்டிய கையை இன்னும் மடக்காமல் இருந்தார் என்றும், இவர் டிக்கெட்டைக் கிழித்து அந்தக் கையில் வைத்தார் என்றும், பஸ் தன்பாட்டுக்கு ஓடியது என்றும் பிற்பாடு சொன்னார்கள்.

அன்றைக்கே விஷயம் இன்னதென்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அப்பா பேரோடு கூப்பிட்டால் அப்பா வருவார், எந்த ஊரில் இருந்தாலும் வருவார். பிள்ளை எழுந்து நின்று ரஷ்ய மொழி பேசுகிறவரைக்கும் நிற்பார். பிள்ளை வாய் மூடினாலோ தமிழுக்கு மாறினாலோ இருந்த இடத்துக்கே திரும்பிவிடுவார். செத்துப்போன அப்பாக்கள் மட்டும் வரவில்லை. எஸ்தரின் அப்பா வரவில்லை. வேம்பாரிலிருந்து வந்த சேவியரின் அப்பா, கடலுக்குப் போய்த் திரும்பாதவர், அவரும் வரவில்லை. அவன் எழுந்து பேசியபோது வகுப்பே குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இதெல்லாம் நடந்த அன்றைக்குச் செண்பகவல்லி என்கிற பிள்ளை மட்டும் வகுப்பில் இல்லை. அவள் அம்மா கோமதியோடும், தாய்மாமன் சங்கிலிபாண்டியோடும் தாமிரபரணிக் கரையில் இருந்தாள். ஆடி அமாவாசையாயிற்றே, அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டாமா? வருஷா வருஷம் மாமாதான் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறைப்பார். அவள் கரையில் நின்று, மாலை போட்ட போட்டோவில் மட்டுமே பார்த்திருந்த அந்த முகத்தை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுவாள். அம்மா கோமதி, பூவும் பொட்டும் இல்லாத நெற்றியோடு ஒரு படி மேலே உட்கார்ந்து மூக்கைச் சிந்துவாள்.

மறுநாள் வகுப்புக்கு வந்தவளிடம் பக்கத்துச் சீட்டு ரஹ்மத்துன்னிசா எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். “எங்கத்தா சவுதியில தம்மாம்ல இருந்து வந்தாருளா! தலையில ஹெல்மெட்டு, காலெல்லாம் மணலு. நான் பிறந்தநாள் வாழ்த்துதான் படிச்சிருந்தேன், அதையே திரும்பத் திரும்பச் சொல்லி நிறுத்தி வச்சுக்கிட்டேன்.” செண்பகவல்லி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். தனக்கு யாரும் வரப்போவதில்லை, சேவியரைப் பார்க்காமல் இருந்த மாதிரி நம்மையும் பார்க்காமல் இருப்பார்கள் என்று மனசைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“செண்பகவல்லி தங்கவேலொவ்னா!”

எழுந்தாள். ‘என் பெயர்’ என்று தொடங்குகிற ஒரே ஒரு வரிதான் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தபோது பக்கத்தில் ஒருவர் நின்றார். போட்டோவில் இருந்த அதே நெற்றி, அதே காது. முடி மட்டும் நரைத்து முன்னால் ஏறியிருந்தது. லுங்கி கட்டியிருந்தார். ஒரு கையில் சின்னப் பிள்ளை போடுகிற கறுப்பு ஷூ, மறு கையில் பாலிஷ் போடுகிற பிரஷ். அந்த வரி முடிந்தது. அவரும் போய்விட்டார். அறையில் பாலிஷ் வாசம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது, அதையும் சாம்பார் வாசம் அமுக்கிவிட்டது.

“ஏளா, உங்கத்தா மௌத்தாயிட்டாருன்னுதானே சொன்ன?” என்றாள் ரஹ்மத்து மெதுவாக.  அந்த ஷூ யாருடையது என்பதைத் தவிர செண்பகவல்லி மண்டைக்குள் வேறு ஒன்றும் ஓடவில்லை.

வீட்டுக்குப் போனபோது அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். “அப்பா கிளாஸுக்கு வந்தாரு” என்றாள் இவள். அம்மாவின் கை நிற்கவில்லை. “வந்துட்டானா? ஆளு எப்படி இருக்கான்?” என்று கேட்டாள், அடுத்த தெருவுக்குப் போனவனை விசாரிக்கிற மாதிரி. அடிப்பாவி! செண்பகவல்லிக்கு வந்த ஆத்திரத்தில் முறத்தைக் காலால் எத்திவிட்டாள், காய் நாலாபக்கமும் சிதறியது.

அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். “நீ பால்குடி மறக்காத பிள்ள. போடியில ஒருத்தி கூடக் குடும்பம் வச்சுட்டான். ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா இந்த ஊரு என்னைக் கேள்வி கேட்டே கொன்னுரும். செத்தவன் பொண்டாட்டின்னா பரிதாபப்பட்டு விட்டுரும். செத்துட்டான்னு சொல்லிட்டேன். நான் பூ வைக்கல, பொட்டு வைக்கல, ஒரு கல்யாணத்துக்கு முன்வரிசையில நிக்கல. நான் மட்டும் சந்தோஷமாவா இருந்தேன்?”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“நாளாவட்டத்துல தெருவுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாத மாதிரியே இருந்துட்டாங்க.”

“மாமாவுக்கு?”

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த சங்கிலிபாண்டி, “எனக்குத் தெரியாமலா? எள்ளுத்தண்ணிதானே பிள்ள, இறைச்சா என்ன குறைஞ்சா போச்சு?” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அன்றைக்கு அவள் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தெருவில் இறங்கி நடந்தாள். இத்தனை வருஷமும் ‘அப்பன் இல்லாத பிள்ள’ என்று கன்னத்தைத் தடவிக் கடலைமிட்டாய் கொடுத்த ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டே போனாள், ஒரு வாசலில்கூட ஒரு முகம் நிமிரவில்லை. ஒருத்தருக்குமா அவளிடம் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை? பாவிகள், ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையில் பல்கலைக்கழகம் அந்த அதிசயத்தைப் பழகிக்கொண்டதே, அதை என்ன சொல்ல! ரிஜிஸ்ட்ரார் வந்து பார்த்தார், “இது சிலபஸ்ல வருதா? பரீட்சைக்கு மார்க் உண்டா?” என்று கேட்டார், இல்லையென்றதும் நிம்மதியாகப் போய்விட்டார். கேண்டீன்காரர் ஜன்னலோரத்தில் ஒரு பெஞ்சு போட்டு, வந்து நிற்கிற அப்பாக்கள் கையில் டீயைத் திணிக்கப் பார்த்து, குடிப்பதற்குள் அவர்கள் டம்ளரோடு மறைந்துவிடுவதால் காகிதக் கப்புக்கு மாறினார். ஒரு அப்பா தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாக வந்து நின்று மானம் போன பிறகு, அந்த வட்டாரத்தில் ரஷ்ய மொழி படிக்கிற பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாரும் வகுப்பு தொடங்குமுன் குளித்து முழுகி, சட்டை போட்டுப் பொத்தான் மாட்டித் தயாராக இருக்கப் பழகினார்கள். சுடலைமுத்து விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். பிரெஞ்சுத் துறைத் தலைவர், மாணவர்கள் துறை மாறக் கேட்கிறார்கள் என்று புகார் கொடுத்தார்.

ரஹ்மத்துவின் அம்மாவோ புதன்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். தூக்குவாளியில் நெய்ச்சோறும், இடுப்பில் அத்தாவைப் பார்த்தேயிராத கடைக்குட்டியுமாக ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். அத்தா காதர்மைதீன் வந்ததும் குழந்தையை ஜன்னல் கம்பி வழியாகத் தொடக் கொடுப்பாள், ஒரு கவளம் ஊட்டிவிடுவாள், “உங்க வாப்பாவுக்குச் சுகமில்ல, வீட்டு ஓடு ஒழுகுது, பணத்தைவிட நீங்க வந்தா தேவலை” என்று அவள் சொல்லிமுடிக்கிறவரைக்கும் ரஹ்மத்து நின்று பேசியாகவேண்டும். அதற்காகவே அந்தப் பிள்ளை படித்த படிப்பு இருக்கிறதே! வோல்கா ஆற்றின் நீளம், முட்டைக்கோஸ் சூப்பு வைக்கிற விதம், பயணம் கிளம்புமுன் பெட்டியின்மேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்து எழுவது ஏன், எல்லாவற்றையும் தலைகீழாகப் பாடம் பண்ணிக்கொண்டு வந்து அருவி மாதிரிக் கொட்டுவாள். அவள் முட்டைக்கோஸை நறுக்க நறுக்க அவளுடைய அம்மாவும் அத்தாவும் பேசிக்கொண்டிருப்பார்கள். எஸ்தர் நடுவில் உச்சரிப்பைத் திருத்துவாரே தவிர, உட்காரச் சொல்லமாட்டார்.

அதைப் பார்க்கப் பார்க்கச் செண்பகவல்லிக்கு ஒரு ஆசை விழுந்தது. முதலில் எஸ்தரிடம் போய், “என்னை வெறும் பேர் சொல்லியே கூப்பிடுங்க” என்று கேட்டவள்தான்; “வெறும் பேரு சின்னப் பிள்ளைக்கும் நாய்க்குட்டிக்கும்தான். அந்த மரியாதைக் குறைவை நான் செய்யமாட்டேன்” என்று அவர் மறுத்ததும், சரி, வரட்டுமே என்று நினைத்தாள். வந்தவர் ஒரு வரியில் போய்விட்டார், பாவம், என்ன பேசமுடியும்? நிறைய நேரம் நின்றால் ஏதாவது சொல்லமாட்டாரா? நல்லா இருக்கியா தாயி, ஒரு வார்த்தை, அது போதும். தன்னால் அவரிடம் தமிழில் ஒன்றும் கேட்கமுடியாது என்று அவளுக்குத் தெரியும். கேட்கவேண்டாம், அவர் சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தைக்கு இடம் வேண்டுமென்று அவள் ரஷ்யாவின் பனிக்காலத்தைப் பற்றி இரண்டு பக்கம் நெட்டுருப் போட்டாள்.

வாய்மொழித் தேர்வன்று கூப்பிட்டார்கள். தங்கவேல் வந்தார். இந்த முறை சட்டை போட்டிருந்தார், கையில் ஒன்றும் இல்லை. செண்பகவல்லி பனிக்காலத்தைத் தொடங்கினாள். ஆறு உறைகிறது, காடு வெளுக்கிறது, மரங்களின் கிளைகள் பனியின் பாரத்தில் தாழ்கின்றன. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் காதோரம் குனிந்தார்.

“தாயி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

சொல்லுங்கப்பா, சொல்லுங்க என்று நெஞ்சு அடித்துக்கொள்ள, வாய் மட்டும் ஓநாய்கள் கிராமத்தை நோக்கி வருவதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“இப்படிக் கூப்பிடாத தாயி. அன்னைக்கு நான் மறைஞ்சு வந்ததை போடி வீட்டுல அவ பார்த்துட்டா. பேய் பிடிச்சிருக்குன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிட்டா. உங்களைப் பத்தி அங்க யாருக்கும் தெரியாது. நானும் உங்கம்மாவும் சண்டை சச்சரவு இல்லாமத்தான் பேசி முடிச்சோம். அந்த மாலை போட்ட போட்டோகூட நானே எட்டயபுரத்துல ஸ்டூடியோவுக்குப் போய், புதுச் சட்டை போட்டு எடுத்துக் கொடுத்ததுதான். சிரிக்காம இருங்கன்னா உங்கம்மா. சிரிக்காமத்தான் உக்காந்தேன். உனக்கு ஒரு குறையும் வைக்கல தாயி. நான் செத்ததாவே இருக்கட்டும், என்ன?”

“மென்மையாச் சொல்லணும், அந்த எழுத்து மென்மை” என்று எஸ்தர் திருத்தினார். செண்பகவல்லி மென்மையாகச் சொன்னாள். கண்ணீர் வழிந்து உதட்டுக்குள் போக, உப்புக் கரிக்கக் கரிக்க அடுப்பில் விறகு வெடிப்பதையும், குழந்தைகள் சறுக்குவண்டி இழுப்பதையும் சொன்னாள். நிறுத்தினால் போய்விடுவாரே, போகுமுன் ஒருவேளை அந்த வார்த்தையையும் சொல்லிவிடுவாரோ என்று, மனசு வெட்கமில்லாமல் காத்துக்கிடந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்னும் எவ்வளவு இருக்கு தாயி?” என்று கேட்டார். அவள் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டாள், பனிக்காலம் பாதியில் நின்றது.

பங்குனி மாதம் ரஷ்யாவிலிருந்து கென்னாதி ல்வோவிச் என்றொரு வயதான பேராசிரியர் வந்தார். ஒரு வருஷம் அங்கே போய்ப் படிக்க ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகவேண்டும், அதற்கு எல்லார் முன்னாலும் வாய்மொழித் தேர்வு. அந்த இடம் செண்பகவல்லிக்குத்தான் கிடைத்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள், “பெரிய ஆளுங்க எல்லாம் வருவாங்க, அவனும் வந்து நிப்பான். நாளைக்கு நான் எந்த முகத்தோட வெளிய போவேன்? நீ போகாதட்டி.” மாமா, வேண்டுமானால் தன் பேரை அப்பா பேராகக் கொடுக்கச் சொன்னார். அவள் இருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் தலை சீவிக்கொண்டு கிளம்பினாள்.

எஸ்தர் விருந்தாளியை அப்பா பேரோடு வாய் நிறைய அழைத்தபோது, வெள்ளைக்கார அப்பா வருவாரோ என்று கேண்டீனே வந்து எட்டிப்பார்த்தது. யாரும் வரவில்லை. கென்னாதி ல்வோவிச்சோ, பிள்ளைகளை எழுப்ப எழுப்ப, சேவியரைத் தவிர ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு தகப்பன் வந்து நிற்பதைப் பார்த்து, இது தமிழ்நாட்டு வழக்கம் போலிருக்கிறது, பிள்ளைகளின் படிப்பில் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனார். கேள்வித்தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, “உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று எல்லாரிடமும் அதையே கேட்டார். பால்துரை பஸ்ஸைப் பற்றிச் சொன்னான். ரஹ்மத்து தம்மாமின் வெயிலைச் சொன்னாள்.

“செண்பகவல்லி தங்கவேலொவ்னா.”

தங்கவேல் வந்தார். கென்னாதி ல்வோவிச்சைப் பார்த்ததும் பவ்வியமாகக் கை கட்டிக்கொண்டார். இவள் நிமிர்ந்து நின்று, ஒரு எழுத்துகூடப் பிசகாத ரஷ்ய மொழியில் தொடங்கினாள்.

“என் அப்பா இறந்துவிட்டார். இறந்ததை முதலில் அம்மா சொன்னாள். அப்போது நான் சின்னப் பிள்ளை, நம்பினேன், அழுதேன். பிறகு அவரே வந்து சொன்னார். அப்போது நான் வளர்ந்திருந்தேன். ஆனாலும் அழுதேன். அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரியும். என் தலையை அவர் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அவருடைய வேறொரு பிள்ளையின் ஷூவை அவர் நன்றாகத் துடைப்பார். எனக்கு அவர்மேல் ஆசை இருந்தது. ரஷ்ய மொழியை நான் அந்த ஆசையால்தான் படித்தேன்.”

கென்னாதி ல்வோவிச்சின் பேனா நின்றது. அவர் அவளையும், பக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்த மனிதரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்படியானால் இவர் யார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இவருக்கு ரஷ்ய மொழி தெரியாது” என்றாள் செண்பகவல்லி.

கிழவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். அவருடைய ஊரில் செத்தவர்களுக்கு அப்படித்தான் எழுந்து நின்று மரியாதை செய்வார்கள். எஸ்தர் சாமுவேலொவ்னா எழுந்தார். ரஹ்மத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள், சேவியர் எழுந்தான், அந்த மொழி தெரிந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். செண்பகவல்லி நிறுத்தவில்லை, அவர் நல்லபடியாகப் போய்ச் சேரட்டும், நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று அந்த மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

தங்கவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளைக்காரர் எழுந்து நிற்கிறார், ஒரு அறை முழுக்கத் தனக்காக எழுந்து நிற்கிறது! அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, நாலு பக்கமும் திரும்பித் திரும்பிக் கும்பிட்டார்.

“என்ன தாயி, என்னைப் பத்தி அப்படி என்ன சொன்ன?”

அவள் முதன்முதலாக அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். தமிழில் பேசினாள்.

“நல்லவிதமாத்தான் சொன்னேன்ப்பா.”

அவர் முகமெல்லாம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடேயே போய்விட்டார்.